தொடக்கத் தற்சோதனை

தொடக்கத் தற்சோதனை என்பது கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன், இயக்குதளம் ஏற்றப்படுவதற்கு முன்னர், அக்கணினி தன் வன்பொருட்களைத் தானே சோதித்துக்கொள்ளும் செயன்முறை ஆகும். தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் நிலைப்பொருள் இதனை நிகழ்த்துகின்றது. அண்மைக்காலக் கணினிகளில் பயாசின் இடத்தை யுஇஎஃப்ஐ பெற்றுள்ளது. உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்திய கணினி தொடங்க மறுக்கும்போது, இச்சோதனை எந்தப் படியில் நின்றது என்பதே பழுதைக் கண்டறிவதற்கான முதன்மைத் தடயமாகும். அதனை அறியாமல் பாகங்களை மாற்றத் தொடங்குவோர், பழுதற்ற பாகம் ஒன்றுக்கு மீண்டும் பணம் செலவிட நேரிடலாம்.

படிமுறை

மின்வழங்கி (எஸ்எம்பிஎஸ்) மின்சாரத்துடன் இணைந்திருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், 5 வோல்ட் காத்திருப்பு மின்னழுத்தம் தாய்ப்பலகைக்குச் செல்லும். பொத்தானை அழுத்தியதும் ஏனைய மின்னழுத்தங்கள் எழுகின்றன. அவை நிலைபெற்று 100 முதல் 500 மில்லிசெக்கன்கள் கழிந்த பின்னரே மின்சாரம் சீராக உள்ளது என்னும் குறிகையை மின்வழங்கி அனுப்பும். அதுவரை செயலி மீட்டமைப்பு நிலையில் நிறுத்திவைக்கப்படுகின்றது. பின்னர் செயலி பயாசின் முதல் ஆணையைப் படிக்க, நினைவகம், வரைகலை அட்டை, விசைப்பலகை, வட்டுகள் ஆகியன சோதிக்கப்படுகின்றன. இந்த வரிசை தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை சற்று வேறுபடும்.

வரைகலை அட்டை இயங்குவதற்கு முன்னர் நேரும் பழுதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. ஒலிக்குறிகள் பயன்பாட்டுக்கு வந்தமைக்குக் காரணம் இதுவே.

குறிகள்

1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனிமேசைக் கணினியில் ஒரு குறுகிய பீப் ஒலி, பழுது எதுவும் இல்லை என்பதைக் குறித்தது. திரை இயங்கினால் எண்களும் தோன்றும். 201 நினைவகப் பழுதையும் 301 விசைப்பலகைப் பழுதையும் குறித்தன. 1984 இல் வெளிவந்த ஐபிஎம் ஏடி, ஒவ்வொரு படிக்கும் உரிய எண்ணைப் பதினறும எண் 80 என்னும் உள்ளீட்டு வெளியீட்டு வாயிலுக்கு அனுப்பியது. அவ்வெண்ணைக் காட்டும் சோதனை அட்டைகளைப் பழுது பார்ப்போர் பின்னர் பரவலாகப் பயன்படுத்தினர். ஒலிக்குறிகளுக்குப் பொதுத் தரம் ஏதுமில்லை. அவார்டு பயாசில் ஒரு நெடிய ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் வரைகலை அட்டைப் பழுதாகும். ஏஎம்ஐ பயாசில் அதற்கு எட்டு ஒலிகள். எனவே தாய்ப்பலகையின் கையேட்டையே நம்புதல் வேண்டும். தற்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், வரைகலை அட்டை, வட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனி விளக்குகள் உள்ளன.

அமைதியின் பொருள்

பீப் ஒலியை எழுப்புவது செயலியே. ஆகவே பிழை ஒலி கேட்பது ஒருவகையில் நற்செய்தி எனலாம். இதிலிருந்து எளிய சோதனை ஒன்று பெறப்படுகின்றது. தாய்ப்பலகையில் சிறு ஒலிபெருக்கியை இணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, நினைவகச் சட்டங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கணினியைத் தொடக்க வேண்டும். பிழை ஒலி எழுந்தால் மின்வழங்கி, செயலி, பயாஸ் ஆகியன அந்த அளவுக்கேனும் இயங்குகின்றன; ஐயத்துக்குரியவை நினைவகமும் அதன் செருகுவாயும் அதற்குப் பின்வரும் பாகங்களுமே. ஒலியே எழாவிடின் பழுது அதற்கு முந்தையது.

மின்விசிறி சுழல்வதைக் கொண்டு கணினி இயங்குவதாகக் கருதுவது பரவலான தவறு. 12 வோல்ட் கிடைத்தாலே விசிறி சுழலும். புதிதாகப் பொருத்திய கணினிகளில், செயலிக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 முனை மின் இணைப்பியைச் செருக மறந்துவிடுவது இத்தகைய அமைதிக்கு அடிக்கடி காரணமாகின்றது. புதிய செயலியைப் பழைய பயாஸ் அறியாதிருத்தலும் மற்றொரு காரணம். விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டால் குறுஞ்சுற்றை ஐயுறலாம். தாய்ப்பலகையின் அடியில் உலோகத் தாங்கி ஒன்று துளையில்லாத இடத்தில் இருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். பெட்டிக்கு வெளியே, அட்டைத்தாளின்மீது தாய்ப்பலகையை வைத்து இயக்கினால் இது தெளிவாகும்.

திரையில் எதுவும் தெரியாத எல்லா நிலைகளும் பழுதல்ல. டிடிஆர்5 நினைவகம் கொண்ட கணினிகள் முதல் தொடக்கத்தின்போது நினைவகத்தைச் சீரமைக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அவ்வேளையில் திரை இருண்டேயிருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் அவ்வேலை மீண்டும் தொடக்கத்திலிருந்து நிகழும்.

மின்வழங்கியின் உட்பகுதி இச்சோதனைகளுக்கு உட்பட்டதன்று. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் மின்வழங்கியின் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம், இணைப்பைத் துண்டித்த பின்னரும் எஞ்சியிருக்கக்கூடும். ஐயமிருப்பின் அதனைத் திறவாமல், நன்கு இயங்கும் வேறொன்றை மாற்றிப் பார்ப்பதே முறை.