கொழுப்புமன்று, தசையுமன்று: பழுப்புக் கொழுப்பின் வரலாறு

1551ஆம் ஆண்டில் சூரிச் நகர மருத்துவரும் இயற்கையறிஞருமான கான்ராட் கெஸ்னர், ஆல்ப்ஸ் மலையில் வாழும் மார்மட் என்னும் கொறிவிலங்கின் தோள்களுக்கிடையே ஒரு விந்தையான திசுவைக் கண்டு பதிவு செய்தார். அது கொழுப்புமன்று, தசையுமன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது என்பது அவர் கணிப்பு.

பின்வந்தோர் இக்கணிப்பைப் பின்தொடரவில்லை. குளிர்காலம் முழுதும் உறங்கும் விலங்குகளில் இத்திசு மிகுந்திருந்தமையால் அதற்குக் 'குளிருறக்கச் சுரப்பி' என்னும் பெயர் நிலைத்தது. பெயர் ஆய்வின் திசையையும் வகுத்தது. சுரப்பி என்றால் எதையேனும் சுரக்கவேண்டுமல்லவா? அந்தச் சுரப்பு எது என்னும் தேடல் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

1961இல் ராபர்ட் ஸ்மித், குளிருக்குப் பழக்கப்பட்ட எலிகளில் இத்திசு வெப்பம் உண்டாக்குவதை எடுத்துரைத்தார். எலி குளிர்காலத்தில் உறங்குவதில்லை; ஆயினும் அவர் குறிப்பின் தலைப்பில் பழைய பெயரே நின்றது. 1970களின் பிற்பாதியில் வெப்பத்தின் மூலம் தெளிவாயிற்று. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள யூசிபி1 என்னும் புரதம் புரோட்டான்களுக்கு மாற்றுவழி திறந்துவிடுகிறது. ஏடிபி ஆகவேண்டிய ஆற்றல் வெப்பமாக வெளிப்படுகிறது.

எஞ்சிய வினா, அப்புரதத்தின் மரபணுவை இயக்குவது எது என்பது. குளிர் தாக்கும்போது பரிவு நரம்புகள் நாரட்ரினலினை வெளியிடுகின்றன. அச்செய்தி செல்லின் உட்கரு வரை கடத்தப்பட்டு யூசிபி1 மரபணுவின் படியெடுப்பை விரைவுபடுத்துகிறது. 1998இல் புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் இச்சங்கிலியின் முதன்மைக் கண்ணியான பிஜிசி-1 ஆல்ஃபாவை இனங்கண்டனர். இப்புரதம் தானே டிஎன்ஏவைப் பற்றுவதில்லை. பற்றியிருக்கும் படியெடுப்புக் காரணிகளோடு இணைந்து அவற்றின் செயலை வலுப்படுத்துகிறது.

2008இல் அதே குழு வெளியிட்ட முடிவு கெஸ்னரை நினைவூட்டியது. பழுப்புக் கொழுப்புச் செல்களின் முன்னோடிகளில் பிஆர்டிஎம்16 என்னும் ஒழுங்காற்றுக் காரணியை ஒடுக்கியபோது அவை தசைச் செல்களின் இயல்பைப் பெற்றன. தசை முன்னோடிகளில் அதைச் சேர்த்தபோது அவை பழுப்புக் கொழுப்பாயின. தோள்களுக்கிடையே உள்ள பழுப்புக் கொழுப்பும் எலும்புத்தசையும் ஒரே கருக்கால மரபிலிருந்து கிளைத்தவை என்பதும் தெரியவந்தது. வெறுங்கண்ணால் கெஸ்னர் கண்ட இடைநிலைக்கு மரபணு ஒழுங்காற்றில் பொருள் கிடைத்தது.

பெயரைப் போலவே மற்றொரு முன்முடிவும் தடையாய் இருந்தது. பழுப்புக் கொழுப்பு பச்சிளங்குழந்தைகளுக்கே பயன்படுவது, பெரியவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று பாடநூல்கள் கற்பித்தன. புற்றுநோயைத் தேட எடுத்த பெட் படங்களிலோ, பெரியவர்களின் கழுத்திலும் காறையெலும்பின் மேற்புறத்திலும் குளுக்கோசை மிகுதியாக ஈர்க்கும் திட்டுகள் பல்லாண்டுகளாகத் தென்பட்டே வந்தன. நோயறிதலுக்கு அவை இடையூறாகவே கருதப்பட்டன. 2009இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்த மூன்று ஆய்வுகள், அவை செயல்படும் பழுப்புக் கொழுப்பே என நிறுவின. உடற்பருமன், நீரிழிவு குறித்த இன்றைய ஆய்வுகளில் இத்திசு இடம்பெறுகிறது.

கண்ணுக்குத் தெரிந்ததை ஏற்கத் தடையாய் நின்றவை ஒரு பெயரும் ஒரு பாடநூல் வாக்கியமுமே. கருவிகள் வளர்ந்தது மட்டுமே இவ்வரலாறு அன்று. வகைப்பாடுகள் தளர்ந்ததும் இதன் பகுதியே.