இருதயத்தின் சிரமத்தை இரத்தம் உரைத்த வரலாறு

இரத்தம் தேகமெங்கும் சுற்றிவந்து மீண்டும் இருதயத்தையே அடைகிறது என்பதை இங்கிலாந்து தேசத்து வைத்தியரான வில்லியம் ஹார்வி 1628-ஆம் வருஷம் வெளியிட்ட ஒரு சிறு நூலால் ஸ்தாபித்த காலந்தொட்டு, முந்நூறு வருஷங்களுக்கு மேலாக, வைத்திய சாஸ்திரம் இருதயத்தை இரத்தத்தை இறைக்கும் ஒரு யந்திரமாகவே கருதிவந்தது. அக்கருத்தில் பிழையில்லை, எனினும் அது பாதி உண்மையே. தன்மீது ஏறும் பாரத்தை உணர்ந்து, அதைத் தணிப்பதற்குரிய பொருளைத் தானே சுரக்கும் சக்தியும் இருதயத்துக்கு உண்டு என்ற மறுபாதி, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மனிதருக்குப் புலனாயிற்று.

1956-ஆம் வருஷத்தை ஒட்டி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அவதானங்கள் நிகழ்ந்தன. புரூனோ கிஷ் என்பவர் கினிப்பன்றியின் இருதய மேலறைத் தசையை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நோக்கியபோது, கீழறைத் தசையில் காணாத சில கரிய மணிகளை அங்கே கண்டார். நாயின் இடது மேலறையில் சிறு பலூனை ஊதி அதை விரியச் செய்த ஹென்றி முதலியோர், மூத்திரம் பெருகுவதைக் கண்டனர். நரம்புகளின் வழியே செல்லும் செய்தியே அதற்குக் காரணம் என்று அவர்கள் கொண்டது முற்றிலும் தவறன்று. 1964-இல் ஜேமிஸனும் பலாடேயும் அம்மணிகளை விரிவாக ஆராய்ந்து, ஹார்மோன்களைச் சேமித்து வைக்கும் சுரப்பிகளின் மணிகளை அவை ஒத்திருப்பதைக் காட்டினார்கள். ஆயினும், இறைக்கும் தசைக்குச் சுரப்பியின் அடையாளம் எதற்கு என்ற வினா பல வருஷங்கள் விடையின்றியே கிடந்தது.

அவ்வினாவை விடாமல் பற்றிக்கொண்டவர், அர்ஜென்டீனாவில் பிறந்து, கானடா தேசத்துக் கிங்ஸ்டன் நகரில் பணிசெய்த அடால்ஃபோ டி போல்ட். தேகத்தின் நீரும் உப்பும் மாறும்போது அம்மணிகளும் மாறுபடுவதை முதலில் கண்ட அவர், தம் சகாக்களுடன் எலிகளின் மேலறைத் தசையை அரைத்தெடுத்த சாற்றை வேறு எலிகளின் இரத்தத்தில் செலுத்தினார். மூத்திரத்தில் வெளியேறிய சோடியம் முப்பது மடங்குக்கு மேலும், மூத்திரத்தின் அளவு பத்து மடங்கும் விரைவிலே உயர்ந்தன. கீழறைச் சாற்றுக்கோ அந்தக் குணம் இல்லை. 1981-இல் வெளியான இந்த முடிவினால், இருதயம் ஒரு சுரப்பியுமாகும் என்பது ஐயமற நிலைபெற்றது.

பிறகு ஜப்பானில் கங்காவா, மட்ஸுவோ ஆகியோர் இவ்வாறு உப்பையும் நீரையும் வெளியேற்றும் மனித இருதய மேலறைப் பொருள் 28 அமினோ அமிலங்களாலானது என்று 1984-இல் கண்டறிந்தார்கள். அவர்களைச் சார்ந்த குழுவினர் 1988-இல் பன்றியின் மூளையிலிருந்து இதன் சகோதரப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர், பி.என்.பி. என்று வழங்கும் அதன் பிரதான உற்பத்திஸ்தானம் இருதயத்தின் கீழறையே என்பது விரைவில் தெளிவாயிற்று. மிகுந்த இரத்தத்தாலோ அழுத்தத்தாலோ கீழறையின் சுவர் இழுபடும்போது, அதன் ஜீவாணுக்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மூலப் பொருளை ஆக்குகின்றன. அது 32 அமிலங்களுள்ள பி.என்.பி. ஆகவும், 76 அமிலங்களுள்ள மற்றொரு துண்டாகவும் பிளவுபடுகிறது. வயலில் நீர் மிகும்போது மடையைத் திறந்துவிடும் உழவனைப் போல, பி.என்.பி. சிறுநீரகத்தின் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றி, இரத்தக் குழாய்களையும் தளர்த்தி, இருதயத்தின் சுமையைக் குறைக்க முயல்கிறது. சுமை மிகுந்தால் சுரப்பும் மிகுவதால், சிரமத்தின் அளவை இரத்தத்திலேயே கணக்கிட வழி பிறந்தது.

மூச்சுத்திணறி வருகிற நோயாளிக்கு வியாதி நுரையீரலிலா, இருதயத்திலா என்று நிச்சயிப்பது வைத்தியருக்கு வெகுகாலமாகக் கடினமான காரியம். 1,586 நோயாளிகளைப் பரிசோதித்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் 100 பிகோகிராம் பி.என்.பி. என்ற எல்லையை வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 83 பேர் விஷயத்தில் இந்த நிர்ணயம் சரியாக அமையும் என்று காட்டியது. பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இன்னும் ஆச்சரியமானது, 1948 முதல் இருதய ஆராய்ச்சி நடந்துவரும் ஃபிரேமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரிலிருந்து 2004-இல் வந்த செய்தி. இருதயத் தளர்ச்சி இல்லாத 3,346 பேரைச் சராசரியாக 5.2 வருஷம் கவனித்ததில், பி.என்.பி. உயர்ந்திருந்தவர்களுக்கு மரணம், இருதயத் தளர்ச்சி, மேலறைத் துடிப்பின் ஒழுங்கின்மை, பக்கவாதம் ஆகிய அபாயங்கள் மிகுந்திருந்தன. அதுவும், வியாதியை நிர்ணயிக்கக் கொள்ளும் எல்லைக்கு வெகு கீழான அளவுகளிலேயே. முதுமையும் சிறுநீரகக் கோளாறும் இந்த அளவை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும். ஆகையால் ஓர் எண்ணை மட்டும் கொண்டு ஒருவருடைய விதியை நிர்ணயித்துவிடலாகாது. ஆனாலும், நோயாளி வலியென்று சொல்லத் தொடங்குமுன்பே சிரமத்தைக் காட்டும் சாட்சி ஒன்று கிடைத்திருப்பது வைத்தியத்தின் கடமையைப் பெரிதாக்கிவிட்டது: வீழ்ந்தவரைத் தூக்குவதோடு நில்லாமல், இரத்த அழுத்தத்தையும் மற்றக் காரணங்களையும் காலத்திலேயே அடக்கி, வீழாமல் காப்பதும் இனி அதன் பொறுப்பே. இந்தப் பெரும்பயனுக்கு வித்திட்டவை, எதற்கென்று தெரியாத சில கரிய மணிகளை அலட்சியம் செய்யாத கண்களே. பயன் இன்னதென்று முன்கூட்டிச் சொல்ல இயலாத ஆராய்ச்சியையும் ஒரு சமூகம் ஏன் பொறுமையோடு போஷிக்க வேண்டும் என்பதற்கு இதைக்காட்டிலும் தக்க பிரமாணம் வேண்டியதில்லை.