சீத்தா மரத்தின் பூர்வீகம்

கோடம்பாக்கத்தில் கிணற்றடியும் புறக்கடையும் எஞ்சியுள்ள பழைய வீடுகள் இன்று மிகச் சில. அத்தகைய வீடொன்றின் மதிலோரம் நின்ற சீத்தா மரத்தடியில், பெரியவர் இருவரின் வாதத்தை நாம் ஒருமுறை கேட்க நேர்ந்தது. அது பரங்கியர் கொணர்ந்த அந்நிய மரம் என்றார் ஒருவர். சீதையின் பெயரைத் தாங்கியது எங்ஙனம் அந்நியமாகும் என்று வெகுண்டார் மற்றவர். வழக்கு சிறிது, எனினும், இருந்தவர் யார், வந்தவர் யார் என்னும் வினா மனிதரைக் குறித்தும் எழுவதன்றோ? ஆகவே வரலாற்றைச் சற்றே புரட்டினோம்.

அறிஞர் உலகிலும் இவ்வழக்கு நடந்துள்ளது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த பர்குத் தூபியின் சிற்பங்களில் சீத்தாப்பழ வடிவைக் கண்டதாகக் கருதினார், அதனை அகழ்ந்த அலெக்சாண்டர் கன்னிங்காம். பிறர் இதனை ஏற்கவில்லை. தாவரவியலார் டி கண்டோல் இம்மரத்தின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலமே என்று வாதிட்டார். இன்றும் பெரும்பாலோர் கொள்கை அதுவே. ஆயினும் உத்தரப் பிரதேசத்தின் டோக்வாவிலும் பஞ்சாபின் சங்கோலிலும் கிடைத்த விதைகளைச் சான்றாக்கி, கொலம்பசுக்கு முன்பே இக்கனி இங்கு வந்திருக்கக்கூடும் என 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வழக்கு முற்றுப்பெறவில்லை எனலாம்.

பெயர்களும் சாட்சி கூறுகின்றன. 'அனோனா' என்பது கரீபியத் தீவினரின் சொல்லிலிருந்து பிறந்தது. மெக்சிகோ மக்கள் இக்கனியை 'அஹத்தே' என்றனர். கேரளத்தில் இது 'ஆத்தச்சக்கை', வங்கத்தில் 'ஆத்தா'. கொச்சியில் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலும் 'ஆத்த மரம்' என்றே குறிக்கிறது. அப்பெரும் பணியின் தொடக்கத்தில் கார்மேல் சபைத் துறவி மத்தேயு அடிகளார் துணைநின்றதை நம் வாசகர் மகிழ்வுடன் நினைவுகூர்வர். ஆக, கடல் கடந்த பெயர் ஒன்று. சீதையின் பெயர் மற்றொன்று. இரண்டையும் இம்மரம் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொள்ளாதது தேங்கும் நீரை மட்டுமே. கோடம்பாக்கத்தின் ஐப்பசி மழையில் வேர் அழுகாதிருக்க மண்ணை மேடாக்கி நடுதல் வேண்டும். விதையிட்ட மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கும். இதன் மலர் முதலில் பெண்ணாகவும் பின்னர் ஆணாகவும் இயங்குவதால், தன் மகரந்தத்தால் தானே கருவுறுதல் அரிது. சிறு வண்டுகளே மகரந்தத்தைச் சுமந்து வருகின்றன. வண்டு குறைந்த நகரத் தோட்டத்தில் மென்தூரிகையால் அத்தொண்டினை நாமே ஆற்றலாம். வரிப்பள்ளங்கள் வெளுத்து விரியும்போது காயைப் பறித்து அரிசிப் பானையிலிட்டால், சில நாளில் கனியும். விதைத்தூள் கண்ணில் படலாகாது, பெருந்தீங்கு விளையும்.

வாதிட்ட பெரியவர்கள் இறுதியில் ஒரே பழத்தைப் பிட்டு உண்டனர். பின்னாளில் அவ்வீடு அடுக்குமாடிக்காக இடிபட்டது. மரமும் உடன் வீழ்ந்தது. பூர்வீகத்தைக் குறித்து வழக்காடிய நம்முள் எவரும் அதன் உயிருக்காக வழக்காடவில்லை. அன்று அவர்கள் துப்பிய விதைகளுள் சிலவற்றை நாம் எடுத்து வைத்திருந்தோம். அவற்றுள் ஒன்று நம் தொட்டியில் இப்பொழுது இரண்டு இலை விட்டிருக்கிறது.