சி.வி. தேவன் நாயர்: இரு நாடுகளில் தடம் பதித்த தொழிற்சங்கத் தலைவர்

சி.வி. தேவன் நாயர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, அவர் சிங்கப்பூரின் மூன்றாவது அதிபர் என்பதுதான். மலேசியாவின் ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜசெக) முதல் தலைமைச் செயலாளரும் அவரே.

பிறப்பும் சிறைவாசமும்

1923 ஆகஸ்ட் 5ஆம் தேதி மலாக்காவில் பிறந்தார். தலச்சேரியிலிருந்து வந்த தந்தை, ரப்பர் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்தவர். பத்து வயதில் குடும்பத்துடன் சிங்கப்பூருக்குச் சென்ற தேவன் நாயர், பின்னர் ஆசிரியரானார். 1949இல் சிங்கப்பூர் ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். பிரிட்டிஷ் எதிர்ப்பு நடவடிக்கைகளுக்காக 1951இல் தடுத்து வைக்கப்பட்டார்.

1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1956இல் மீண்டும் கைதான அவர், 1959இல் அக்கட்சி தேர்தலில் வென்ற பிறகே விடுதலையானார். 1961இல் கட்சியும் தொழிற்சங்கங்களும் பிளவுபட்டபோது, உடன் சிறையிருந்த தோழர்கள் பலர் எதிரணிக்குச் சென்றனர். இவரோ லீ குவான் இயூவின் பக்கம் நின்று, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசை (என்டியுசி) வளர்த்தார்.

பங்சாரின் 808 வாக்குகள்

1964 மலேசியப் பொதுத்தேர்தலில் தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தொகுதி. கோலாலம்பூரின் பங்சாரில் 808 வாக்கு வித்தியாசத்தில் தேவன் நாயர் வென்றார். தோற்றவர்களில் ஒருவர், தொழிற்சங்கவாதியான வி. டேவிட்.

அடுத்த ஆண்டே சிங்கப்பூர் பிரிந்தது. கட்சித் தோழர்கள் எல்லைக்கு அப்பால் போய்விட, தேவன் நாயர் தமக்கு வாக்களித்தவர்களுடன் இங்கேயே தங்கினார். மக்கள் செயல் கட்சியின் பதிவு மலேசியாவில் ரத்தானதால் ஜசெக உருவானது. 1966 மார்ச்சில் அது பதிவு பெற்றது. ஜனநாயக சோசலிசமே அதன் கொள்கை.

மீண்டும் சிங்கப்பூர்

1969இல் என்டியுசி பொறுப்பை ஏற்கத் திரும்பினார். புதிய வேலைச் சட்டத்தால் சங்கங்களின் பேரம் பேசும் பலம் குறைந்திருந்தது. உறுப்பினர்களும் விலகி வந்தனர். அந்த ஆண்டு நடந்த கருத்தரங்குக்குப் பின் சங்கம் கூட்டுறவுத் துறையில் இறங்கியது. 1970இல் இன்கம் காப்புறுதி தொடங்கியது. விலைவாசி ஏறிய 1973இல் தோ பாயோவில் மலிவு விலைப் பேரங்காடி திறக்கப்பட்டது. அதுவே இன்றைய ஃபேர்பிரைஸின் முன்னோடி. வேலைநிறுத்தப் பாதையை விட்டு அரசுடனும் முதலாளிகளுடனும் கைகோத்ததை விமர்சிப்போரும் உண்டு.

பதவியும் விலகலும்

1981 அக்டோபரில் அதிபரானார். அவர் காலி செய்த ஆன்சன் தொகுதியின் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்தினம் வென்றார். சுதந்திரச் சிங்கப்பூரில் எதிர்க்கட்சிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

1985 மார்ச் 28ஆம் தேதி பதவி விலகினார். மதுப்பழக்கமே காரணம் என்று அரசாங்கம் கூறியது. அவர் பின்னாளில் அதை மறுத்தார். வட அமெரிக்காவில் குடியேறிய அவர், 2005 டிசம்பர் 6ஆம் தேதி கனடாவின் ஹெமில்டன் நகரில் 82 வயதில் காலமானார்.