வெள்ளிமலைக் கடையில் ஒரு மீதி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. தேனும் கடுக்காயும் விற்கும் சின்னக் கடையில் க்யூஆர் அட்டை ஒன்று தொங்கியது. மூன்று மூலைகளில் கண்போல இருக்கும் சதுரங்கள் தப்பித்திருந்தன. நான்காவது மூலையைச் சாரல் அரித்துவிட்டது. "அடிங்க சார், போகும்" என்றார் கடைக்காரர். போனது. அழிந்ததை ஈடுகட்டியது, ஒன்பதாம் வகுப்பில் நம்மைப் படுத்திய பல்லுறுப்புக்கோவை.

அதற்குப் பல ஊர் பூர்வீகம். 1150-இல் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தெரியாத அளவுகளுக்கு நிறங்களின் பெயரை வைத்தார்: காலகம் கருப்பு, நீலகம் நீலம், பீதகம் மஞ்சள். அதே நூற்றாண்டில் பாக்தாதின் அல்-சமவால், கெழுக்களை மட்டும் கட்டங்களில் நிறுத்தி நெடுவகுத்தல் செய்தார். எக்ஸ் என்ற இன்றைய உடுப்பை மாட்டிவிட்டது 1637-இல் தெக்கார்த் எழுதிய நூல்.

உடுப்பு மாறினாலும் குணம் மாறவில்லை. பாடநூல் அதை ‘அடைவுப் பண்பு’ என்கிறது. பொழுது சாய்ந்தால் ஆடு பட்டி அடைவதுபோல, இரண்டு கோவைகளைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை கோவையாகவே வந்து சேரும். வகுத்தல்தான் அடங்காது. 1, 5, 7 என்ற கெழுக்கள் கொண்ட கோவையை 1, 2 கொண்டதால் வகுத்துப் பாருங்கள்: ஈவு 1, 3, மீதி 1.

அந்த மீதிக்கும் ஒரு வேலை வந்தது. தகவலைக் கோவையாக்கிப் பிழை திருத்தும் வழியை 1960-இல் ரீடும் சாலமனும் சொன்னார்கள். 1994-இல் கார் உதிரிபாகங்களைக் கண்டறிய ஜப்பானின் டென்ஸோ வேவ் உருவாக்கிய க்யூஆரில் அது குடியேறியது. எழுத்துகள் கெழுக்களாகின்றன, குறித்த ஒரு கோவையால் வகுத்து, மீதியை வாலில் ஒட்டுகிறார்கள். இப்போது முழுக்கோவையும் மிச்சமின்றி வகுபடும். செல்போன் படித்ததில் மிச்சம் வந்தால் எங்கோ சேதம். எங்கே, எவ்வளவு என்பதையும் கணக்கே காட்டிக்கொடுக்கும். உயர்ந்த தரத்தில் சுமார் 30 சதவீதம் வரை மீட்கலாம்.

இங்கேயும் அடைவுதான் காவல். சாதாரண எண்களில் இருநூறை இருநூறால் பெருக்கினால் ஒரு கெழுவுக்கு ஒதுக்கிய, 256 எண்களே கொள்ளும் ஒரு பைட்டில் அடங்காது. அதனால் 256 எண்களுக்குள்ளேயே நாலு செயல்களும் அடங்கும் தனிக் கணக்கு. பூச்சியத்தால் வகுப்பது மட்டும் விலக்கு.

மீதி வந்தால் கணக்கு தப்பென்று சிலேட்டை அழித்த பிள்ளைகள் நாம். தேன் பாட்டிலோடு இறங்கும்போது நினைத்துக்கொண்டேன்: அழிந்த மூலைக்குப் பதில் பேசியது அந்த மீதிதான்.