துருவும் அச்சும்: எம்.ஜி.பி. காரின் மறுவாழ்வு

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கிலாந்தில் அக்கலையைச் சாமானியரின் வீட்டுக் கொட்டகை வரை கொண்டுசென்றதில் எம்.ஜி.பி. என்ற காருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் இயங்கிய எம்.ஜி. தொழிற்சாலை 1962ஆம் ஆண்டு இதை வெளியிட்டது. 1980 அக்டோபரில் கடைசி வண்டி வெளியேறியது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் எல்லா வகைகளையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. இத்தனை எண்ணிக்கையில் விற்ற ஒரு பொருளை அருங்காட்சியகங்கள் தேடிப் பாதுகாப்பதில்லை. ஆயினும் இது பிழைத்திருக்கிறது. எவ்வாறு என்பதே நம் கேள்வி.

முதற்காரணம் எஞ்சினின் எளிமை. 1798 சி.சி. கொண்ட அது 'பி சீரிஸ்' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சாலைகளில் பல்லாண்டு ஓடிய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பத்ததே. அம்பாசடரின் பானெட்டைத் திறந்து வைத்து, நான்கைந்து ஸ்பேனர்களோடு மரத்தடியில் வேலை பார்த்த மெக்கானிக்குகளைக் கண்டவர்களுக்கு, எம்.ஜி.பி.யை வீட்டில் வைத்தே பிரித்துப் பூட்ட முடிவது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

இடர்ப்பாடு எஞ்சினில் இல்லை, தகரத்தில் இருக்கிறது. இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காருக்குத் தனி சேசிஸ் இருந்தது. அதன்மேல் பாடி பொருத்தப்பட்டது. எம்.ஜி.பி.யிலோ பாடியே எலும்புக்கூடு. கூரையில்லாத திறந்த கார் ஆகையால், கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற 'சில்' என்ற உறுப்பே சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. சாலையின் நீரும் சேறும் தேங்கித் துருப்பிடிப்பதும் அங்கேதான். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே மூன்றடுக்குத் தகரமும் உதிர்ந்துபோயிருக்கும்.

அதை வெட்டியெடுக்கும் முன் கதவு திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்து, அந்த இடைவெளி மாறாதபடி நிறுத்திவிட வேண்டும். தவறினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகரத்தைப் பற்றவைத்த பின் அந்தத் தொய்வே நிலைத்துவிடும். பிறகு எத்தனை தட்டினாலும் கதவு பொருந்தாது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவார்கள். ஒவ்வொரு படியிலும் கதவை மாட்டிச் சரிபார்ப்பார்கள்.

பழுதுபார்க்கவே தகரம் மிஞ்சாத வண்டிகளை என்செய்வது? இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் காண்கிறது. பழைய கார்களுக்கான உதிரிபாகங்களை வழங்கவென 1975ல் 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் டேவிட் பிஷப், எம்.ஜி.பி.யின் தகரங்களை அழுத்தி வடித்த பழைய அச்சுகளைத் தேடிச் சேர்க்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1988ல் முழுப் புதிய பாடி ஒன்று விற்பனைக்கு வந்தது. துருவேறிய வண்டியிலிருந்து எஞ்சின், சக்கரங்கள், இருக்கைகள் ஆகியவற்றைக் கழற்றிப் புதிய கூட்டுக்குள் பூட்டிவிடலாம் என்றாயிற்று. கொட்டகைக்காரர்களுக்காகச் செய்த இந்தப் பாடியை அடிப்படையாகக் கொண்டே ரோவர் நிறுவனம் 1992ல் 'ஆர்.வி.8' என்ற புதிய காரை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 2000 வண்டிகள் செய்யப்பட்டு, பெரும்பாலானவை ஜப்பானுக்குச் சென்றன.

ஆனால் கூடு மாறிய வண்டி பழைய வண்டிதானா? இதையொத்த கேள்வி ஒன்று 1990ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பெண்ட்லி கார் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. பின்னர் பலமுறை மாற்றியமைக்கப்பட்டு, 1932ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, மறுபடியும் கட்டப்பட்டது. அதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அது அசல் வண்டி அன்று என்று பின்வாங்கியது. பந்தயம் வென்ற காலத்து உறுப்புகளில் சொற்பமே எஞ்சியிருப்பதை ஏற்ற நீதிபதி ஆட்டன், அவ்வண்டியின் இருப்பு இடையில் எங்கும் அறுபடவில்லை என்று கண்டு, அது அசலே எனத் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பு நமக்கு ஏற்புடையதே. ஆனால் பெண்ட்லியில் பல ஆண்டுகளில் படிப்படியாக நிகழ்ந்த மாற்றத்தை, புதிய பாடி வாங்குபவர் சில மாதங்களிலேயே நிகழ்த்திவிடுகிறார். ஆபிங்டன் தொழிலாளியின் கைபட்ட கூடு, பெயிண்ட் அடுக்குகளுக்கடியில் மறைந்திருந்த முதல் வண்ணம், பழைய ஒட்டுவேலைகள் என அனைத்தும் ஒரே நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. அதற்காகக் கூட்டை மாற்றவே கூடாது என்பது நம் கட்சியன்று. மாற்றாவிட்டால் வண்டியே மிஞ்சாது. மாற்றியதை மறைப்பதே பிழை.

நம் ஏடுகளை எண்ணிப் பார்ப்போம். ஓலை உளுத்துப்போகும் என்பதறிந்து, படியெடுத்துப் படியெடுத்தே நூல்களைக் காத்தனர். அவ்வாறு வந்த படிகளை ஒப்பிட்டு அச்சேற்றிய நல்ல பதிப்பாசிரியர், சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டுவார். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருவார். காரைப் புதுப்பிப்பவரிடமும் அந்த ஒழுக்கத்தையே நாம் எதிர்பார்க்கிறோம். எந்தத் தகரம் எப்போது மாற்றப்பட்டது, எது ஆபிங்டனுடையது, எது பின்வந்தது என்று ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதியிட்டு எழுதி, வெட்டும் முன் எடுத்த நிழற்படங்களோடு வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். அடுத்து வாங்குபவர் ஏமாறாதிருக்க அது உதவும். அதைவிட முக்கியமாக, 50 ஆண்டுகள் கழித்து மீண்டும் சில்லை வெட்டப்போகும் அறிமுகமற்ற ஒருவருக்கு, தாம் எதன்மீது கைவைக்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.