சேர்ந்த மாதத்திலேயே விடுப்பா? – ஒரு வரலாற்றுப் பார்வை

 

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் கொடுத்த ஓர் அறிவுரையைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த அறிவுரைதான். ஆனாலும் தவறான அறிவுரை.

ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி. பட்டப்படிப்பை முடித்து, தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது என்று தன் தந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். கையில் பணி நியமனக் கடிதம். இன்னும் கையொப்பம் இடவில்லை. முகத்தில் மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் தெரிந்தது. தந்தைக்கு அறுபது வயது நிறைவதை ஒட்டித் திருக்கடையூரில் மணிவிழா ஏற்பாடாகியிருந்தது. குடும்பம் முழுமைக்கும் ஆறு மாதங்களுக்கு முன்பே விமானச் சீட்டு எடுத்தாயிற்று. கணக்கிட்டுப் பார்த்தால், வேலையில் சேர்ந்த ஐந்தாவது வாரத்தில் பயணம்.

"ஐயா, இதை இப்பொழுதே அவர்களிடம் சொல்லிவிடலாமா? இல்லை, சேர்ந்த பிறகு சொல்வதா?" என்று கேட்டாள்.

"முதலில் வேலையில் சேர்ந்துவிடு அம்மா. கைக்கு வந்ததைக் கெடுத்துக் கொள்ளாதே. பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்றேன். தந்தையும் தலையசைத்தார்.

அவள் நான்காம் வாரத்தில் போய்க் கேட்டாள். "நேர்காணலின் பொழுதே இதை ஏன் சொல்லவில்லை?" என்ற ஒரே கேள்விதான் மேலாளரிடமிருந்து வந்தது. அது ஆண்டுக் கணக்கை முடிக்கும் காலம். விடுப்பு மறுக்கப்பட்டது. பெற்றோரும் அண்ணனும் பறந்தார்கள். அவள் அலுவலகம் போனாள். தந்தையின் மணிவிழா வாழ்வில் ஒரு முறை வருவது. அதில் பெற்ற மகள் இல்லாமல் போனதற்கு அந்த மேலாளர் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி நான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தேன். அது என் சொந்த அறிவிலிருந்து வந்த சொல் அன்று. என் தாத்தாவிடமிருந்து வந்தது.

தாத்தா 1930களில் கங்காணியோடு கப்பலேறி வந்தவர். ஊரில் தங்கைக்கு ஆவணியில் திருமணம் என்று பேசி முடித்துவிட்டுச் சித்திரையில் புறப்பட்டாராம். தோட்டத்தில் பால்மரம் சீவத் தொடங்கிச் சில மாதம் ஆனதும், திருமணத்துக்குப் போய்வர வேண்டும் என்று கங்காணியிடம் கேட்டிருக்கிறார். "வந்த சுவடு மாறவில்லை, அதற்குள் ஊரா?" என்பது கங்காணியின் விடை. போனால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று கிராணியும் சொல்லிவிட்டார். தாத்தா போகவில்லை. 'கேட்டால் கெட்டோம்' என்ற பாடத்தை அவர் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு விட்டுச் சென்றார்.

கங்காணி கொடுமைக்காரர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவருக்குக் கிடைத்த வருமானத்தைப் பார்த்தால் செய்தி விளங்கும். தம் ஆட்களில் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வருகின்றவர்களை எண்ணி, தலைக்கு இவ்வளவு காசு என்று கங்காணிக்குக் கொடுக்கப்பட்டது. காலைப் பெரட்டில் ஒருவர் குறைந்தால் கங்காணியின் காசும் குறையும். அப்படிப்பட்டவரிடம் விடுப்புக் கேட்பது, அவருடைய பையிலிருந்து காசு கேட்பதற்கு ஒப்பாகும்!

அதற்கும் முந்திய நிலை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டில் மாகாண வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் கப்பல் கட்டணத்தைக் கடனாகச் சுமந்து வந்தார்கள். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவது அன்று குற்றம். சிறைக்குப் போக வேண்டிய குற்றம். வராத நாள்களை ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் கூட்டிக்கொள்வதும் உண்டு. 1907இல் தமிழர் குடிவரவு நிதிச் சட்டம் வந்தது. முதலாளிகளிடம் வரி பெற்று, அந்த நிதியிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதன் பின் வந்தவர்கள் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். என் தாத்தாவுக்கும் அந்த உரிமை இருந்தது. ஆனால் விலகுவது வேறு, விடுப்பு எடுப்பது வேறு. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' போன்ற கப்பல்களில் ஒரு வழிப் பயணமே ஏறக்குறைய ஒரு வாரம். போய், திருமணம் முடித்து, திரும்பி வர ஒரு மாதமாவது வேண்டும். திரும்பி வரும்பொழுது செக்ரோலில் பேர் இருக்கும் என்பதற்கு யார் உறுதி? தங்கையின் திருமணமா, வேலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் அவருக்குக் கிடைத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் உலகின் இன்னொரு மூலையில் நடந்ததைக் கவனியுங்கள். 1936 ஜூன் 20ஆம் நாள், பிரான்சு நாட்டில் தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு வழங்கும் சட்டம் நிறைவேறியது. அதற்கு நான்கு நாள் கழித்து ஜெனீவாவில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை பற்றிய 52ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்குக் குறைந்தது ஆறு வேலை நாள். பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பன்னிரண்டு நாள். (சிறுவர்களுக்கு இரு மடங்கு ஓய்வு வேண்டும் என்பதைத் தொழிற்சாலைகளே ஒப்புக்கொண்ட காலம் அது. துணைப்பாட வகுப்புகளை அடுக்கிக்கொண்டே போகும் நாம் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.)

இந்த இரண்டிலும் ஒரே நிபந்தனை இருந்தது: ஓராண்டுத் தொடர்பணி. பிரெஞ்சுச் சட்டம் ஆறு மாதம் முடித்தவருக்கு விடுமுறைப் பருவத்தில் ஒரு வாரம் என்று சற்றே இறங்கி வந்தது. ஏன் ஓராண்டு? என் எண்ணத்தில் இரண்டு கருத்துகள் இதில் கலந்திருக்கின்றன. உழைத்துக் களைத்தவனுக்கே ஓய்வு என்பது ஒன்று. நிலைத்து நிற்பவனுக்கே பரிசு என்பது மற்றொன்று. புதிதாக வந்தவன் களைக்கவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. ஆகவே அவனுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்குத் தங்கை இருப்பாள், அவளுக்குத் திருமண நாள் குறித்திருப்பார்கள் என்பது கணக்கில் வரவே இல்லை.

தோட்டத் தொழிலாளரோ அந்த 1936 உடன்படிக்கைக்குள்ளேயே வரவில்லை. அது தொழிற்சாலை, வணிகம் போன்ற துறைகளுக்கு உரியது. வேளாண்மைக்கும் தோட்டங்களுக்கும் தனி உடன்படிக்கை 1952இல்தான் வந்தது. இடையில் பதினாறு ஆண்டுகள்! 1970இல் வந்த 132ஆம் உடன்படிக்கை விடுப்பை மூன்று வாரமாக உயர்த்தியது. காத்திருக்கும் காலம் ஆறு மாதத்திற்கு மேல் போகக்கூடாது என்றும் வரையறுத்தது.

காத்திருக்கும் காலம் என்பதே சரிதானா என்று நேருக்கு நேர் கேட்டது ஒரு தொழிற்சங்கம். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒருவர் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து பதின்மூன்று வாரம் பணியாற்றிய பிறகே அவருக்குச் சம்பள விடுப்பு உரிமை தோன்றும். கேட்பதற்குச் சிறிய நிபந்தனைதான். ஆனால் ஒலிபரப்பு, திரைப்படம், நாடக அரங்கு ஆகிய துறைகளில் வேலை செய்வோரை எண்ணிப் பாருங்கள். ஒரு படத்துக்கு எட்டு வாரம், ஒரு நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் என்று ஒப்பந்தம் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் உழைத்தாலும் எந்த இடத்திலும் பதின்மூன்றாவது வாரத்தைத் தொட முடியாது. அவர்கள் என்றுமே புதியவர்கள். என்றுமே விடுப்பு இல்லாதவர்கள். அத்துறையினரின் சங்கமான 'பெக்டு' வழக்குத் தொடுத்தது. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. சிறு நிறுவனங்களுக்குச் சுமையாகும் என்று பிரிட்டிஷ் அரசு வாதிட்டது. 2001 ஜூன் 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. விடுப்பை எப்படி எடுப்பது என்பதற்கு அரசுகள் விதிமுறை வகுக்கலாம். ஆனால் அந்த உரிமை தோன்றுவதற்கே ஒரு நிபந்தனை விதிக்க முடியாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் தன் விதியை மாற்றிக்கொண்டது. முதல் ஆண்டில் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஆண்டு விடுப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு சேரும் என்று ஆயிற்று.

டென்மார்க் இதற்கு இன்னும் பல ஆண்டு எடுத்துக்கொண்டது. அங்கே ஓர் ஆண்டில் ஈட்டிய விடுப்பை அடுத்த ஆண்டு மே மாதம் முதல்தான் எடுக்க முடியும். ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் சம்பளத்துடன் கூடிய முதல் விடுப்புக்குப் பதினாறு மாதம் காத்திருக்க நேர்ந்தது. 2020 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஈட்ட ஈட்ட எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2023 ஜனவரி முதல் நாள் தொடங்கி, சம்பள வரம்பு பாராமல் எல்லா ஊழியர்களும் அதன் கீழ் வருகிறார்கள். 60 இ பிரிவின்படி, ஒரே முதலாளியிடம் இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 12 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 16 நாள். இவை குறைந்த அளவு. முதலாளி கூடுதலாகக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை.

ஓராண்டு முடிக்காதவருக்கு, முடித்த மாதங்களின் விகிதப்படி கணக்கு. அரை நாளுக்குக் குறைவான பின்னத்தை விட்டுவிட வேண்டும். அரையும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு நாளாகக் கொள்ள வேண்டும். எட்டைப் பன்னிரண்டால் வகுக்க நம் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும். ஒரு மாதம் முடித்த என் மாணவியின் கணக்கில் ஒரு நாள் இருந்தது. அவளுக்குத் தேவைப்பட்டதோ ஏழு. தகுதிகாண் காலத்தில் விடுப்பே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படி எந்த வேறுபாடும் காட்டவில்லை. ஆனால் இன்னொரு விதியையும் மறக்கக்கூடாது. பன்னிரண்டு மாதப் பணி முடிந்த பின், அடுத்த பன்னிரண்டு மாதத்திற்குள் அந்த விடுப்பைக் கொடுத்தால் போதும் என்றே சட்டம் முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. முதல் ஆண்டுக்குள்ளேயே எடுப்பது முதலாளியின் இசைவைப் பொறுத்தது. இசைவு பெறாமலும், தக்க காரணத்தைத் தெரிவிக்காமலும் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், அது ஒப்பந்தத்தை மீறியதாகும். பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு: அங்கே மூன்று மாதப் பணி முடிந்த பிறகே விடுப்பு உரிமை தொடங்கும், முதல் ஆண்டுக்கு 7 நாள்.

ஆக, இத்தனை நாடுகளின் சட்டங்களைப் புரட்டியும், வேலை கிடைப்பதற்கு முன்பே நாள் குறித்த பயணத்துக்கு நேரடியான விடை எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. லக்சம்பர்க் தீர்ப்பு கூட, இந்தத் தேதியில் விடுப்புக் கொடு என்று எந்த முதலாளிக்கும் சொல்லவில்லை. கையொப்பமிடுவதற்கு முன் இரு தரப்பும் பேசிக்கொள்வதற்கு விடப்பட்ட இடம் அது. என் தாத்தாவிடம் பேரம் பேச ஒன்றும் இல்லை. என் மாணவியிடம் இருந்தது. அந்த நிறுவனம் பலரைப் பார்த்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. கடிதத்தில் கையொப்பத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. அன்று மாலை என் வீட்டுக் கூடத்தில் அவள் அமர்ந்திருந்த பொழுதுதான் அவளுடைய சொல்லுக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. நான் அவளைப் பெரட்டில் நிற்பவளாக நினைத்துப் பேசிவிட்டேன்.

அவளிடம் இதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை ஐயா, எனக்கும் கேட்க அச்சமாகத்தான் இருந்தது" என்றாள்.

அண்மையில் இன்னொரு மாணவர் இதே போன்ற சிக்கலோடு வந்தார். அண்ணனின் திருமணம், வேலையில் சேர்ந்து ஆறாவது வாரத்தில். நியமனக் கடிதம் இன்னும் அவர் பையில்தான் இருந்தது. இருவரும் அமர்ந்து நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். வேலையை மகிழ்ச்சியோடு ஏற்பதாக முதல் வரி. முன்பே உறுதியான பயணத் தேதிகள் இரண்டாவது வரி. கணக்கில் விடுப்பு இல்லாத நாள்களைச் சம்பளமில்லா விடுப்பாக எடுத்துக்கொள்ள அணியமாக இருப்பதாக மூன்றாவது வரி. வாய்மொழியாகச் சொன்னால் போதாதா என்று கேட்டார். நேர்காணல் செய்தவர் மாற்றலாகிப் போய்விட்டால் யாரைப் போய்க் கேட்பது? எழுத்தில் இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் நண்பகலில் விடை வந்தது. தேதிகளைக் குறித்துக்கொண்டதாகவும், நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு என்றும், திருத்திய நியமனக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதாகவும் இரண்டே வரிகள். அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வந்து, என் வீட்டிலேயே கையொப்பமிட்டார்.